அடுத்து

இந்த நாற்காலியும் மேலிருந்து வந்ததுதான்.
பச்சை பிளாஸ்டிக், ஒரு காலில் மட்டும் விரிசல்.
சாய்ந்து உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.
பந்தாய் டாலாம், சி பிளாக்,
இரவு ஏழிலிருந்து காலை ஏழரை வரை நான்.

பதினேழு மாடி.
குப்பைக்கென்று ஒரு குழாய் வைத்துத்தான் கட்டினார்கள்.
எட்டாம் மாடியில் யாரோ மெத்தையைத் திணித்தார்கள்.
அன்றிலிருந்து சன்னல்தான் குழாய்.

விழுந்ததையெல்லாம் எழுதிவைக்கச் சொல்லி
நிர்வாகம் கொடுத்த குறிப்பேடு:
ரைஸ் குக்கர் மூடி.
பள்ளிச் சப்பாத்து, இடது கால், வெள்ளை.
முகம் பார்க்கும் கண்ணாடி (பொறுக்கும்போது நாற்பது முகம் எனக்கு).
ஒரு கெளுத்தி மீன், உயிரோடு.
பள்ளிச் சப்பாத்து, இடது கால், வெள்ளை,
ஆனால் வேறு அளவு.

பெருக்க வரும் காக் ரோஸ்னா
தலையில் ஹெல்மெட்டோடுதான் வருவாள்.
மோட்டார் சைக்கிள் கிடையாது அவளிடம்.

பன்னிரண்டுக்கு மேல் கைபேசியில் பழங்கள் விழும்.
ரம்புத்தான், டுக்கு, மங்குஸ்தீன்.
விரலால் தள்ளித் தள்ளி இடம் பார்த்து வைக்கவேண்டும்.
ஒரே பழம் மூன்று தொட்டுக்கொண்டால்
சின்னதாய் ஒரு மணி, பிறகு மூன்றும் இல்லை.
ஒட்டாதவை மட்டும் கிடந்து
ஒன்றின் தோளில் ஒன்றாய் உயர்ந்துவரும்.
டுரியான் விழுந்தால் உள்ளங்கை அதிரும்.
அதற்கு ஜோடி லேசில் வராது.

எனக்குப் பிடித்தது பழங்களல்ல.
மேல் மூலையில் ஒரு குட்டிப் பெட்டி.
'அடுத்து' என்று எழுதியிருக்கும்.
வரப்போவது அதில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும்,
கிளினிக்கில் டோக்கன் வாங்கியவர் மாதிரி, அமைதியாக.
அப்படி ஒரு பெட்டி
இந்தக் கட்டடத்தின் மூலையிலும் இருந்தால்
காக் ரோஸ்னா தலை வியர்க்காமல் பெருக்குவாள்.

கழுத்து வலித்தால் நிமிர்ந்து பார்ப்பேன்.
மேலேயும் கட்டங்கள்தான்:
வெள்ளை டியூப், மஞ்சள் குண்டு, டிவியின் நீலம்.
ஒன்பதாம் மாடியில் மூன்று நீலம் வரிசையாக
ஏறக்குறைய ஒரே நேரத்தில் அணைந்ததை
ஒருமுறை பார்த்தேன். பந்து ஆட்டம் முடிந்திருக்கும்.
மணி ஒலிக்குமோ என்றுகூடக் காத்திருந்தேன்.

அது புதன்கிழமை, இரண்டே கால்.
பதினான்காம் மாடி நடைவழியில்
வெளிச்சம் இல்லாத கட்டத்தில்
யாரோ நின்றிருந்தது தெரிந்தது.
கைப்பிடிச் சுவர் இடுப்பளவு இருக்கவேண்டும்.
தொடையளவுதான் தெரிந்தது.

டார்ச் அடித்தேன். தேவமலர்.
பதினான்கு பி.
இரண்டு மாதமாய் அவள் வீட்டுப் பார்க்கிங்கில்
லாரி இல்லை,
லாரியின் எண்ணெய்க் கறை மட்டும் நிற்கிறது.

இறங்கு என்று கத்தலாமா.
பெயர் சொல்லிக் கூப்பிடலாமா.
லிஃப்டோ ஒற்றைப்படை மாடிகளில்தான் நிற்கும்.
கட்டைவிரல் கண்ணாடியில் அப்படியே இருந்தது,
ஒரு டுரியான் அதன் கீழே அந்தரத்தில்.

"மேல தண்ணி வருதாம்மா?"
என்று கேட்டேன்.
வாயில் வந்தது அதுதான்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
கொமுத்தர் பாதைப் பக்கம் ஒரு நாய்.

"வரலைண்ணே."

"ஏழு மணிக்கு விட்ருவாங்களாம்.
வாளியெல்லாம் எடுத்து வச்சுக்குங்க."

"இங்க வாளி ஒன்னுதான் இருக்கு."

"ஒன்னு போதும்மா. நெரப்பி நெரப்பி ஊத்திக்கலாம்."

இன்னும் சற்று நேரம்.
பிறகு சுவருக்கு மேலே அவள் பாதியானாள்,
கால்வாசியானாள்,
இரும்புக் கதவு இழுபடும் சத்தம்.
பதினான்கு பி-யில் மஞ்சள் விளக்கு.

கீழே குனிந்தால் திரை நிறைந்திருந்தது.
என் விரல் எப்போது எடுபட்டதோ,
பழத்தின்மேல் பழமாய் விழுந்து
ஒன்றோடொன்று சேராமல் விளிம்பு வரை.
ஆட்டம் முடிந்தது, மீண்டும்? என்று கேட்டது.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
விடியும்வரை மேலேயே பார்த்ததில்
கழுத்து இன்றைக்கும் ஒரு பக்கமாய்த்தான் திரும்புகிறது.

ஏழு இருபதுக்கு
பதினான்காம் மாடிக் கொடியிலிருந்து
சவர்க்கார நீர் சொட்டுச் சொட்டாய்
என் சட்டையிலும் பச்சை நாற்காலியிலும் விழுந்தது.

குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.
நாற்காலியையும் நகர்த்தவில்லை.